நூறு அடிக் கோடு

கிளேட்டன் தெரு முனையில் சுடப்பட்ட தோட்டா பதினொரு வருடமாகியும் போய்ச் சேரவில்லை. மதுக்கடை வாசலில் இரண்டு பேர் போட்ட சண்டையில் கிளம்பியது அது. அவர்களை விட்டுவிட்டு, பால் வாங்க வந்த ஜொனெல் டோலிவர் பக்கம் மூக்கைத் திருப்பி, நெஞ்சு உயரத்தில் அந்தரத்தில் நின்றுவிட்டது. ஆறாவது வார்டில் எவன் எங்கே சுட்டாலும் அவளை நோக்கி ஒரு கெஜம் பாயும். மற்ற நேரத்தில் சும்மா இருக்கும், தபால்காரர் குனிந்து போவார். இரும்புத் தகட்டை வைத்து மறித்தார்கள், ஓட்டை போட்டுக்கொண்டு போனது. ஜொனெல் மெம்பிஸில் இருக்கும் அத்தை வீட்டுக்கு ஓடினாள். தோட்டாவும் அவள் போன தெற்குப் பக்கமே திரும்பிக்கொண்டது. அலுத்துப்போய் ஊருக்கே திரும்பி, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அவள் அம்மா வெர்னீஸ் பள்ளி பஸ் ஓட்டுபவள். நகரமன்ற உறுப்பினர் பென்னிங்டனிடம் ஒன்பது தடவை போய் நின்றாள். "இன்னும் யார் மேலயும் படலையேம்மா" என்றார் அவர், ஒன்பது தடவையும். பத்தாவது தடவை போகாமல் அவரை எதிர்த்தே வேட்புமனு கொடுத்தாள். சுடுகிற பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச நாலு ஆள், கோடையில் அவர்களுக்கு வேலை, அவள் கேட்டது இவ்வளவுதான். ஓட்டுக் கேட்டுத் தட்டிய வீட்டிலெல்லாம் வறுத்த மீனும் வாக்குறுதியும் கிடைத்தன. பென்னிங்டனுக்கும் அதே வீடுகளில் இரண்டும் கிடைத்தன. அசையாமல் நின்றால் எதையும் விட்டுவைக்காத அவளுடைய பிரசார ஆட்கள், கம்பம், குப்பைத்தொட்டி எல்லாம் முடித்துவிட்டுத் தோட்டாவின் மேலும் அவள் பெயர் போட்ட குட்டி ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்கள்.

"எம் பொண்ணக் கொல்ல வர்றதுலயா எம் பேர ஒட்டுவீங்க?" என்று வெர்னீஸ் தலையில் அடித்துக்கொண்டாள். கிழிக்கப் பார்த்தாள், வரவில்லை. நல்ல பசை.

பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில்தான் வாக்குப்பதிவு. ஜொனெல் அன்று வாக்காளர் பட்டியல் பார்க்கும் மேசையில் உட்கார்ந்திருந்தாள். அந்த நாளும் பார்த்துக் காலையிலிருந்தே எங்கெங்கோ சுட்டுக்கொண்டிருந்தார்கள். நாலு மணிக்குத் தோட்டா மைதானத்தைக் கடந்து, வாசலுக்கு நேராக வந்துவிட்டது. அங்கிருந்து பார்த்தால் மகளின் முதுகு தெரிந்தது. வெர்னீஸ் உள்ளே ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க ஓடுனாலும் வரும்மா. நான் இங்கயே இருக்கேன்" என்றாள் ஜொனெல்.

வாக்குச்சாவடி அதிகாரி மிஸ் எர்னஸ்டின் அளவுநாடாவோடு வெளியே வந்தார். வாசலிலிருந்து நூறு அடிக்குள் வேட்பாளர் பெயர் எதுவும் வரக்கூடாது என்பதற்காக ஆளுநரின் தம்பியையே பெயர் போட்ட தொப்பியைக் கழற்ற வைத்தவர் அவர். அந்த நூறு அடியைக் காட்டப் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டருகே நின்று, கண்ணாடியை இறக்கி, அதற்கு அப்பால் வந்து நின்ற தோட்டாவைப் பார்த்தார்.

"ஸ்டிக்கரோட இதத் தாண்டக் கூடாது. யாரா இருந்தாலும் சரி."

பக்கத்துத் தெருவில் நாலு வெடி கேட்டது. தோட்டா நடுங்கியது, தாண்டவில்லை.

"இது எது வரைக்கும், மிஸ் எர்னஸ்டின்?" என்று பின்னாலேயே வந்த வெர்னீஸ் கேட்டாள்.

"ஏழு மணிக்கு ஓட்டு முடியும். அப்பறம் இது வெறும் சுண்ணாம்பு." கொஞ்சம் யோசித்துவிட்டு அவர் கேட்டார்: "ஏழுக்குள்ள வரிசைல வந்துட்டவங்க போட்டு முடிக்கிற வரைக்கும் சாவடிய மூட முடியாது. நீ போட்டாச்சா?"

வெர்னீஸ் காலையிலிருந்து மற்றவர்களை அழைத்து வந்ததில் தன் ஓட்டை மறந்திருந்தாள். ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வரிசையின் கடைசியில் போய் நின்றாள். முன்னால் இருந்தவர்கள் போட்டுவிட்டுப் போனார்கள். அவள் போடவில்லை. அவள்தான் ஜெயித்திருப்பாள் என்று வார்டே சொன்னது, ஆனால் சாவடி மூடாமல் பெட்டியைத் திறக்க முடியாது. பென்னிங்டன் வழக்கு போட்டார். நீதிபதி வந்து கோட்டையும் தோட்டாவையும் பார்த்துவிட்டு, தேதி குறிக்காமல் வழக்கைத் தள்ளிவைத்துவிட்டுப் போனார்.

அவள் வரிசையில் நிற்பது இது ஆறாவது வருடம். குழாய் உடைந்தாலும் மகன் வழிதவறினாலும் ஆட்கள் வரிசைக்குத்தான் வருகிறார்கள். துப்பாக்கி வைத்திருக்கிற பிள்ளைகளைத் தாய்மார்கள் இழுத்து வந்து அந்தத் தோட்டாவுக்கு முன்னால் நிறுத்துகிறார்கள். வெர்னீஸ் பேசுகிறாள். போன வருடம் அது இரண்டு தடவைதான் நடுங்கியது. மதியம் ஜொனெல் சோள ரொட்டி கொண்டுவந்து, அம்மாவோடு நின்று சாப்பிட்டுவிட்டுப் போகிறாள்.

தினமும் ஏழு மணிக்கு மிஸ் எர்னஸ்டின் வந்து கேட்கிறார்: "போடப் போறியா, வெர்னீஸ்?"

"இன்னும் யோசிச்சிட்டிருக்கேன்."

"ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு, மழையில் கரைந்த கோட்டைக் குனிந்து மறுபடி போடுகிறார்.