அழுகை வரலாம், பயந்துக்காதீங்க

"சில பேருக்கு அழுகை வரும். அதுபாட்டுக்கு வரும், பயந்துக்காதீங்க" என்றாள் பிசியோதெரபிஸ்ட் ஐஸ்வர்யா.

பானுமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கா? பெத்த தாய் சாவுக்கே அழாதவள்னு ஊரே சொல்லுதுங்க மேடம்."

ஐஸ்வர்யா சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டபடி மிச்சத்தையும் சொன்னாள். இன்றைக்கும் நாளைக்கும் அடிவயிறு வலிக்கும். உடம்பு அசந்து வரும், தூங்கிவிடலாம். சிறுநீர்க் கசிவு ஒரேயடியாக நிற்காது, போகப்போகத்தான் குறையும்.

"முக்கியமா, சும்மா சும்மா இறுக்கிப் புடிக்காதீங்க. வருசக்கணக்கா இறுக்கி இறுக்கி, உங்க தசைக்கு விடவே தெரியல. அதான் அவசரத்துக்குப் புடிக்கவும் முடியல."

சின்னவன் பிறந்ததிலிருந்தே இந்த இழவுதான். தும்மினால் வரும். சிரித்தால் வரும். குடம் தூக்கினால் வரும். எல்லாவற்றையும்விட, வாய்விட்டு அழுதால் கட்டாயம் வரும். ஒருமுறை பக்கத்துத் தெரு சாவில் அழுது, எழுந்தபோது புடவையின் பின்பக்கம் நனைந்திருந்தது. தண்ணிச் சொம்பு கவிழ்ந்துவிட்டதென்று சொல்லித் தப்பித்தாள். புருசன் அருள்குமாரிடம் சொல்லவே பல வருசம் ஆனது. சேலத்துக்குப் போய்க் காட்டு என்று அனுப்பியது அவன்தான்.

அதற்குள் அம்மா போய்விட்டாள்.

அம்மாவை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். வருகிற பெண்களெல்லாம் ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு, சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். பானுமதி மட்டும் சுவரோரம் காலோடு காலைப் பின்னிக்கொண்டு, பல்லைக் கடித்து நின்றாள். அக்கா கோவிந்தம்மாள் எழுந்து வந்து கையைப் பிடித்து இழுத்தாள். "வாடி, வந்து அழுடி! இனிமே எங்கடி பாக்கப் போற அவள?"

பானுமதி கையை உருவிக்கொண்டாள். அக்காவால் பொறுக்க முடியாமல் போனது அதுதான். கருமாதியன்று பந்தியில் எல்லோர் காதுபடவும் சொன்னாள்: "கல்லு அது. நாளைக்கு எஞ்சாவுக்கும் வர வேணாம்னு சொல்லுங்க." அன்றோடு பேச்சு நின்றது. பானுமதியின் போனை அவள் எடுப்பதே இல்லை.

சேலத்திலிருந்து திரும்பும் தருமபுரி பஸ் தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. சொல்லிக்கொடுத்தபடி பானுமதி மூச்சை இழுத்து, வயிற்றைத் தளர்த்தி, அடித்தசையின் இறுக்கத்தை விட்டாள். முதலில் விக்கல் என்றுதான் நினைத்தாள். அடிவயிற்றில் ஏதோ அவிழ்ந்து, நெஞ்சுக்கு ஏறி, வாய்வழியே வந்துவிட்டது. முந்தானையைக் கடித்தும் அடங்கவில்லை.

பக்கத்து சீட்டு அம்மாள் பதறிப்போனாள். "கண்ணு, என்னாச்சும்மா?"

"எங்கம்மா செத்துட்டாங்க."

"அய்யோ சாமி! இப்பத்தான் போனு வந்துச்சா?"

"தை மாசம்."

"தை மாசமா?" ஜன்னலுக்கு வெளியே ஆவணி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் பானுமதியின் மடியில் கையை வைத்தாள். இறங்கும்வரை எடுக்கவில்லை.

தருமபுரியில் இறங்கி வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். அக்கா இருக்கும் பாப்பாரப்பட்டிக்கு டவுன் பஸ் கண்ணெதிரே கிளம்பியது. ஏறிவிட்டாள்.

அக்கா கதவைத் திறந்தாள். அழுது வீங்கிய தங்கச்சி முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறி, உடனே கெட்டியானது.

"என்னாத்துக்கு வந்த? இப்ப எதுக்கு இந்த அழுவாச்சி? அன்னிக்கி வராதது இன்னிக்கி எங்கிருந்து வந்துச்சு?"

"அழுதா ஒன்னுக்கு வந்துருங்க்கா."

"என்னாது?"

"சின்னவன் பொறந்ததுலருந்து. அம்மா கெடக்கற எடத்துல, அத்தினி பேரு முன்னால… எப்பிடிக்கா உக்காருவேன்? இப்பத்தான் சேலத்துல வைத்தியம் பாக்கறேன்."

அக்கா கதவை விட்டு நகர்ந்தாள். பானுமதி உள்ளே வந்தும் பழக்கப்படி சுவரோரமாகவே நின்றாள். அந்த நிற்பையே அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன்பாட்டுக்குப் பேசுகிறவள் போல ஆரம்பித்தாள்.

"புது வூடு கட்டிட்டு எத்தினி தடவ கூப்புட்டேன், ஒரு ராத்திரி தங்கும்மான்னு. தங்கவே மாட்டா அம்மா. சோபாவுல உக்கார மாட்டா. பாத்ரூம் கதவுக்கிட்ட அந்தத் தரையிலயே குத்த வெச்சுக்குவா. வந்தா அஞ்சாறு தடவ உள்ள போயிட்டு வருவா."

பானுமதியின் அழுகை சட்டென்று நின்றது. "அக்கா…"

"நாந்தான்… 'எம்புருசன் கட்டுன வூட்டுல உக்காந்தா கொறஞ்சி போயிருவியா, அம்புட்டு ராங்கியா'ன்னு கேட்டுட்டேன்டி. அதுக்கப்புறம் அவ வரவே இல்ல. ஒரு வார்த்த சொல்லியிருந்தா…"

அன்றைக்குத் தெருவே திரும்பிப் பார்க்க அழுத கோவிந்தம்மாளுக்கு இப்போது ஒரு சொட்டு வரவில்லை.

"உக்காரு" என்று சோபாவைக் காட்டினாள்.

"வேணாங்க்கா. இன்னும் முழுசா நிக்கல. பஸ்ல வேற அழுதனா… நனைஞ்சுரும்."

"நனையட்டும். துணிதான?"

பானுமதி உட்கார்ந்தாள். அக்கா அவள் பக்கத்தில் உட்காரவில்லை. நடந்துபோய், பாத்ரூம் கதவுக்கிட்ட, வெறுந்தரையில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டாள்.