வாயுள்ள பாட்டு

சினிமாக்காரர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் வெட்டுக்கிளி. பதினோரு வருடத்தில் ஆறு படங்களுக்கு ஆறு பாட்டு எழுதியிருந்தாள். ஆறும் ஒலிப்பதிவாகின, அதில் நாலைந்து படமாக்கவும்பட்டன. ஒன்றுகூடத் திரைக்கு வந்து சேரவில்லை. வெளியீட்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது யாராவது ஒரு பெரிய மனிதர் கடிகாரத்தைப் பார்த்து, "படம் நீளம். பாட்டு வந்தா கதை நின்னு போகுது" என்பார். உடனே கத்திரி வழி கேட்காமல் அவள் பாட்டைத் தேடி வந்துவிடும். கறிவேப்பிலைக்கு நடப்பதுதான். கேட்டு வாங்கிப் போடுவார்கள், சாப்பிடும்போது முதலில் அதைத்தான் ஒதுக்குவார்கள்.

பாட்டு போனால் பெயரும் போகும் என்பது அந்தத் தொழிலின் வழக்கம். படத்தில் இல்லாத பாட்டுக்கு, படத் தொடக்கத்தில் ஓடும் எழுத்தில் எதற்குப் பெயர் என்பார்கள். நியாயம்தான், அவர்கள் நியாயம்.

அதைக்கூட அவள் தாங்கிக்கொள்வாள். தாங்க முடியாதது அக்கா. அக்கா தையல் கடை வைத்திருந்தாள். ஒவ்வொரு படமும் வெளியாகிற அன்று கடையைப் பூட்டி, எட்டுத் தையல்காரிகளையும் கூட்டிக்கொண்டு முதல் காட்சிக்குப் போய்விடுவாள். படம் முடியும். பாட்டு வந்திருக்காது. எட்டுப் பெண்களும் ஊசி தொலைந்த மாதிரி மடியைப் பார்த்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். அக்கா மட்டும், "பேரு போட்டாங்கடி, எழுத்து ஓடின வேகத்துல எனக்குத்தான் பிடிபடல" என்பாள். முதல் இரண்டு படத்தில் அந்தப் பொய்யைக் கேட்டு வெட்டுக்கிளிக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. அதற்குப் பிறகு ஓர இருக்கையாகப் பார்த்து உட்காருவாள். இடைவேளை விளக்கு எரிவதற்குள் வெளியேறிவிடுவாள்.

ஏழாவது படம் வந்தபோது அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். பாட்டு வந்தால் கதை நிற்கிறது என்றுதானே வெட்டுகிறார்கள்? பாட்டு போனால் கதை நிற்கிற மாதிரி எழுதிவிட்டால் என்ன?

கதை இதுதான். ஒரு நூல் ஆலை. தீ விபத்தில் பன்னிரண்டு பெண்கள் இறந்துபோகிறார்கள். பிழைத்த ஒருத்தி அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள். அவள் புருஷன் அங்கேயே மேற்பார்வையாளன். அழுதுகொண்டே கூப்பிட வருகிறான். அவள் விரட்டுகிறாள். காரணம், வேலை நேரம் முடியாமல் யாரும் நழுவக்கூடாது என்று கதவை வெளியே பூட்டியவன் அவன். இந்தக் காரணம் வசனத்தில் நாலே வரியில் இருந்தது. வசனம் எழுதியவர் வேறு யாருமில்லை, அக்காவின் புருஷன்.

"அத்தான், அந்த நாலு வரிய எனக்குக் குடுங்க" என்று கேட்டாள்.

"குடுத்துட்டா என் காட்சில என்ன இருக்கும்?"

"அழுகை இருக்கும். உங்களுக்கு அதுதானே நல்லா வரும்."

அத்தான் பயந்தவர். ஆனால் அந்த இருட்டு அரங்குகளில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். இரண்டு நாள் கழித்து, யாருக்கும் தெரியாமல், நாலு வரியையும் அடித்துவிட்டார்.

அவள் எழுதினாள். சாவி யார் கையில் இருந்தது, சொல். கதவை வெளியே பூட்டியது யார், சொல். பன்னிரண்டு பேர் தட்டிய கதவு உன் காதில் இன்னும் தட்டுதா, சொல். அலங்காரம் எதுவும் கிடையாது. வெறும் கேள்விகள்.

ஒரு பூட்டு போதாது என்று அவளுக்குத் தெரியும். நாலாவது படத்தில் அவள் பாட்டை எடுத்துவிட்டு, நாயகி வாயசைத்த காட்சியை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த உதட்டுக்கு வசனத்தை ஒட்டவைத்தார்கள். சூடு கண்ட பூனை அவள். அதனால் இந்தப் பாட்டில் மூன்று இடத்தில் ஒரு சொல்லை வைத்தாள். வரமாட்டேன். அழமாட்டேன். மறக்கமாட்டேன். ஒவ்வொரு 'மாட்டேனை'யும் எட்டு எண்ணிக்கைக்கு இழுக்க வேண்டும் என்று இசையமைப்பாளரிடம் அடம்பிடித்தாள்.

"எட்டு எண்ணுற வரைக்கும் வாயத் திறந்து வெச்சிருந்தா கொசு போயிடும்மா" என்றார் அவர்.

"போகட்டும் சார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்."

இயக்குநர், படத்துக்குப் பணம் போடும் முதலாளியின் நிழலைப் பார்த்தாலே தலையாட்டுகிறவர். அவருக்கும் வாழ்நாளில் ஒரு பிடிவாதம் வந்தது. அந்தப் பாட்டை முழுவதும் ஒரே ஷாட்டில் எடுப்பேன் என்றார். எரிந்த ஆலையின் நடைவழியில் நாயகி பாடிக்கொண்டே நடந்து வர, கேமரா அவள் முகத்தைவிட்டு நகராமல் அவளுக்கு முன்னால் பின்வாங்கிக்கொண்டே போனது. நடுவில் வெட்டுவதற்கு வேறு ஷாட்டே இல்லை. எடுத்து முடித்த மறுவாரம் ஆலையாகப் போட்டிருந்த செட்டைப் பிரித்துப் பலகையாக்கி லாரியில் ஏற்றினார்கள்.

வெளியீட்டுக்குப் பதினொரு நாள் இருந்தது. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். பாட்டு போனது.

பாட்டில்லாத படத்தை முதலாளி தன் வீட்டாருக்குப் போட்டுக் காட்டினார். முடிந்ததும் அவர் மனைவி கேட்ட முதல் கேள்வி, "பாவம், அந்த மனுஷன் அழுதுகிட்டு நிக்கிறான். அவ எதுக்கு விரட்டுறா? அவ்வளவு திமிரா அவளுக்கு?" மைத்துனரும் கேட்டார், கார் ஓட்டுநரும் கேட்டார். ஆளாளுக்கு நாயகியைத் திட்டினார்கள்.

அன்று மாலை அத்தான் அவளுக்குப் போன் செய்தார். குரல் அடிபட்டுக் கிடந்தது.

"நாளைக்கு உன் பாட்டப் பேச வெக்கப் போறாங்கம்மா. இசைய எடுத்துட்டு, உன் வரிய அப்படியே வசனமா டப்பிங் பண்றாங்க. நான் புதுசா எழுத வேண்டியதே இல்லையாம். உன் எழுத்தே பேச்சு மாதிரிதான் இருக்காம்."

அவள் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றாள். எளிமையாக எழுதியதே வினையாகிவிட்டது. அவள் வார்த்தைகள் படத்தில் இருக்கும். பாட்டு இருக்காது, பெயரும் இருக்காது. தன் கை தன் கண்ணையே குத்தியிருந்தது. மிச்சமிருந்தது அந்த மூன்று 'மாட்டேன்'தான். தாங்குமா என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை, யாரும் அழைக்காமலே டப்பிங் அறைக்குப் போய்ப் பின்சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கம்பளம் ஒட்டிய சுவர், குளிர்ந்த காற்று, முன்னால் சின்னத் திரை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் டப்பிங் பேசும் அம்மாள் நின்றார். இருபது வருடமாக ஊரில் உள்ள நாயகிகள் எல்லோரும் அவர் தொண்டையில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். முதலாளி நடுவில், இயக்குநர் ஓரத்தில், அத்தான் கையில் காகிதத்தோடு.

படம் ஓடியது. "சாவி யார் கையில இருந்தது, சொல்லு" என்றார் அம்மாள். உதட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. "கதவ வெளிய பூட்டினது யாரு, சொல்லு." அதுவும் உட்கார்ந்தது. முதலாளி தொடையில் தட்டி, "பாத்தீங்களா? பேச்சுல என்ன சூடு" என்றார். வெட்டுக்கிளிக்குப் பெற்ற பிள்ளையின் தோலை உரித்து வேறு யாருக்கோ சட்டை தைக்கிற மாதிரி இருந்தது.

பிறகு முதல் 'வரமாட்டேன்' வந்தது. அம்மாள் அழுத்தமாகச் சொல்லி முடித்தார். திரையில் நாயகியின் வாய் மூடவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு வரை திறந்தே இருந்தது. ஒலிப்பதிவாளர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"அழுகையப் போடுங்க" என்றார் முதலாளி.

அம்மாள் அழுதார். திரையில் பல்வலிக்காரி ஒருத்தி தெரிந்தாள்.

"கத்தட்டும்."

கத்தினார். வாய் சிரித்த கோணத்தில் இருந்ததால் பேய் பிடித்தவள் மாதிரி இருந்தது. அம்மாள் தானாகவே இருமிப் பார்த்தார், பெருமூச்சு விட்டுப் பார்த்தார். கடைசியில் சும்மா காற்றை மட்டும் விட்டார். அது அப்படியே கொட்டாவி. அதைப் பார்த்து ஒலிப்பதிவாளருக்கு உண்மையாகவே கொட்டாவி வந்தது, அடுத்து இயக்குநருக்கு.

"முடிக்கிறப்ப வேற ஷாட்டுக்குப் போயிடு."

"ஒரே ஷாட்டுங்க" என்றார் இயக்குநர். அன்று அவர் பேசிய முதல் சொல்.

"மறுபடி எடுத்தா?"

"செட்டு பலகையாயிடுச்சு. அந்தப் பொண்ணு வேற நாட்டுல வேற படத்துல இருக்கு."

முதலாளி அத்தான் பக்கம் திரும்பினார். "நீ வசனகர்த்தாதானே? எழுதுய்யா ஏதாவது."

அத்தான் காகிதத்தைப் பார்த்தார், திரையில் திறந்து நின்ற வாயைப் பார்த்தார், பின்சுவரைப் பார்த்தார். "வார்த்தைக்கு எழுதுவேன் முதலாளி. ஏகாரத்துக்கு வசனம் எழுத எனக்குத் தெரியாது" என்றார். பயந்த மனிதர் பேசியதில் அதுதான் ஆக நீளமான எதிர்ப்பு.

அம்மாள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். "நான் பொணத்துக்குக்கூட முனகல் குடுத்திருக்கேன் முதலாளி. இந்த வாய்க்குள்ள பேச்சு போகாது. பாட்டுதான் போகும்."

முதலாளி எழுந்தார். "இந்த வாய மூட வழியே இல்லையா?"

"இல்லைங்க" என்றாள் வெட்டுக்கிளி.

எல்லோரும் திரும்பினார்கள். அப்போதுதான் அவள் அங்கே இருப்பது முதலாளிக்குத் தெரிந்தது. வியாபாரி அல்லவா, கணக்கு அவருக்குள் மெதுவாகக் கூடியது. காணாமல் போன வசனம், நீளமான 'மாட்டேன்', மூன்று இடம்.

"வேணும்னே செஞ்சியா?"

அத்தான் கண்ணால் கெஞ்சினார். தற்செயலாக நடந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிழைப்பும் மிஞ்சும், பாட்டும் மிஞ்சும். அவளுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் ஆறு பாட்டுக்கும் அவள் தலையாட்டியிருந்தாள். ஆறு தடவையும் பரவாயில்லை சார் என்று சிரித்துவிட்டு வந்திருந்தாள்.

"ஆமா. வேணும்னேதான்."

"இனிமே என் கம்பெனிப் படிய நீ மிதிக்கக் கூடாது."

"மிதிக்க மாட்டேன். பாட்ட வைங்க."

பத்து நாளில் படம் வெளிவர வேண்டும். முதலாளி கதவை ஓங்கிச் சாத்திவிட்டுப் போனார். கம்பளம் ஒட்டிய அறையாதலால் அந்தச் சத்தம்கூட அவருக்கு ஒழுங்காகக் கிடைக்கவில்லை. ஒலிப்பதிவாளர் யாரையும் கேட்காமல் பாட்டை எடுத்துத் திரும்ப ஓடவிட்டார்.

வெளியீட்டு நாளில் அக்கா வழக்கம் போலக் கடையைப் பூட்டினாள். எட்டுத் தையல்காரிகளும் வந்தார்கள், முகத்தில் ஏற்கெனவே ஆறுதல் தயாராக இருந்தது. பாட்டு இருக்கிறது என்று வெட்டுக்கிளி முன்கூட்டிச் சொல்லவில்லை. இருட்டில் எந்தக் கத்திரி எங்கே காத்திருக்கிறதோ, யார் கண்டது? பழக்கப்படி ஓர இருக்கையில் உட்கார்ந்தாள்.

பெயர்கள் ஓடின. கடைசியில், பொடி எழுத்தில், அவள் பெயர் வந்தது. அக்கா அதை எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள். முன் வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். அக்கா அவருக்காக இன்னொரு முறை படித்தாள்.

இடைவேளை வந்தது, போனது. அவள் எழுந்திருக்கவில்லை. எரிந்த நடைவழி திரையில் விரிந்தது. இசை தொடங்கியதும் அதே வரிசையின் உள்பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்தார். பாட்டு என்றால் எழுந்து போய்ப் புகைத்துவிட்டு வருகிற கூட்டம் எந்த ஊரில்தான் இல்லை? அவர் தீப்பெட்டியைத் தடவிக்கொண்டே அக்காவைத் தாண்டி வந்து, "கொஞ்சம் வழி விடும்மா" என்றார்.

பதினோரு வருடப் பழக்கத்தில் அவள் முழங்கால் தானாக ஒதுங்கப் பார்த்தது. ஒதுங்கிய காலை நிறுத்தி, முன் இருக்கையின் முதுகில் நீட்டி ஊன்றினாள்.

"உக்காருங்க."

"பாட்டுதானேம்மா, வந்துடறேன்."

"கதையே இதுலதான் இருக்கு. போயிட்டு வந்தா அவளத் திட்டுவீங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் இருபத்தைந்து வருடம் தையல் மிஷின் மிதித்த அக்காவின் கால் குறுக்கே நீண்டிருந்தது. "எழுதினவளே சொல்றா, உக்காருப்பா" என்றாள் அக்கா.

திரையில் நாயகி வாயைத் திறந்தாள். அவர் அக்காவுக்கும் அவளுக்கும் நடுவில் காலியாயிருந்த இருக்கையில் உட்கார்ந்து, தீப்பெட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.