பீரோவுக்கு எதிராக ஒரு சான்றிதழ்

நூலகருக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். ஆசை அவ்வளவுதான். ஆனால் அன்றைக்குத்தான் மைத்துனன் வீடு மாறுகிறான். புது வீடு நான்காவது மாடி. லிஃப்ட் கிடையாது, இரும்பு பீரோ உண்டு. இடுப்பு வலி என்று ஒரு வாரமாக முனகிப் பார்த்தார். மைத்துனன் மசிகிற ஆளில்லை.

"உங்க யுனிவர்சிட்டி ஜிம்ல உடம்பை டெஸ்ட் பண்ணி பேப்பர் தர்றாங்களாமே. முடியாத உடம்புன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள் மனைவி.

மறுநாளே போய் நின்றார். பயிற்சியாளர் இளம் பெண், கழுத்தில் விசில். இருபது வருடம் நூலகத்தில் இருந்து இருந்து இவருக்குக் குரல் என்பதே குசுகுசுப்புதான். ஒவ்வொரு பதிலுக்கும் அவள் குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது.

பிடியின் பலம் பார்க்கும் கருவியைக் கனிந்த பழம்போலப் பட்டும் படாமலும் பிடித்தார். குனிந்து கால்விரலைத் தொடச் சொன்னாள், முழங்காலோடு நின்றுகொண்டார். பலகையில் ஏறி இறங்கச் சொன்னாள். நாலாவது ஏற்றத்தில் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். மோசம், மோசம், மிக மோசம் என்று அவள் எழுத எழுத, மனிதருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"பரவால்ல சார், ரிடையர் ஆனவங்களுக்கு இதெல்லாம் சகஜம்."

"எனக்கு நாப்பத்தாறுதாம்மா ஆகுது."

அவள் தாளைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், மறுபடியும் தாளைப் பார்த்தாள். "ஐயோ பாவம்!" என்றாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பாவமாம்! ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"இன்னொரு பேப்பர் எடும்மா."

இந்த முறை கருவியின் முள் எகிறியது. விரல் தரையையே தொட்டது. தண்டாலுக்குப் படுத்தார். பன்னிரண்டு எடுத்த பிறகு அவள், "சார், எண்ணுறது கேக்கவே இல்ல. கேக்காததைக் கணக்குல சேர்க்க முடியாது. முதல்லேருந்து வாங்க" என்றாள். "ஒண்ணு!" என்று இவர் போட்ட சத்தத்தில் அந்தப் பக்கம் டேபிள் டென்னிஸ் ஆடியவர்கள் பந்தைக் கோட்டைவிட்டார்கள். விடாமல் இருபத்தெட்டு.

மேசைமேல் இரண்டு தாள்கள். ஒன்றில் மிக மோசம், மற்றதில் மிக நன்று.

"எதுல சார் சீல் வைக்கட்டும்?"

கொஞ்சமாவது மூளை உள்ளவன் முதல் தாளைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். இவரும் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்க்காமல் இல்லை. கட்டில், செய்தித்தாள், மதியத் தூக்கம் எல்லாம் கண்முன் வந்தன. ஆனாலும் கண் அந்த 'மிக நன்று'வை விட்டு நகர மறுத்தது.

"இதுல வைம்மா. கொஞ்சம் அழுத்தியே வை."

யாருக்கும் காட்டாமல் பைக்குள்ளேயே வைத்துக்கொள்வதாகத்தான் நினைத்திருந்தார். செருப்பைக் கழற்றும்வரைகூடப் பொறுக்க முடியவில்லை, மனைவியிடம் நீட்டிவிட்டார். அவளும் பீரோவை மறந்து, பெருமையோடு அதைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

"அக்கா, மாமா இருக்கும்போது வேற ஆளு எதுக்கு? வரச்சொன்ன ரெண்டு பேரையும் வேணாம்னுட்டேன்!"

ஞாயிறு காலை செருப்பை எடுக்கக் குனிந்த நூலகர் நிமிரவில்லை. தண்டால் இடுப்பில் தன் வேலையைக் காட்டிவிட்டது. உயிரே போகிற வலி.

"அடியே, நிஜமாவே பிடிச்சுக்கிச்சுடி! சத்தியமா!"

மனைவி அடுப்படியிலிருந்து வந்து, கையைக் கட்டிக்கொண்டு, அவர் முனகுவதைக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"போங்க, போன வாரம் இதைவிட நல்லா முனகினீங்க."