மெழுகில் பதித்த துண்டு

சிவபாலன் இரண்டாவது முறையும் ஓங்கி அறைந்தான். அண்ணன் கனகசபாபதி சுவரில் மோதி நிமிர்ந்தார். அவர் வீசியெறிந்த தண்ணீர்ச் செம்பு கூடத்துக்குள் இன்னும் உருண்டுகொண்டிருந்தது. வெள்ளவத்தை ஒழுங்கையின் அயல் சனம் ஜன்னலில் நின்றது.

"பட்டப்பகலிலை வெறி! அப்பாவின்ரை திவசத்தண்டு சத்தியம் பண்ணினியெல்லே?"

மூத்தவரை அவன் 'நீ' என்றது அதுதான் முதல் தடவை.

"குடிச்ச மணம் இல்லைத் தம்பி." அண்ணனின் மனைவி ஜெகதீஸ்வரி விழுந்த இடத்திலிருந்தே சொன்னாள். அவர் தள்ளியதில் அவள் முழங்கை கிழிந்திருந்தது. "ரெண்டு நாளாச் சாப்பாடில்லை. தண்ணி குடுத்தால் தொண்டையைப் பிடிச்சுக்கொண்டு எறியிறார்."

"நீங்கள் சும்மா இருங்கோ மச்சாள். மூண்டு வருசத்துக்கு முந்தியும் இப்பிடித்தான் மூடி மறைச்சனீங்கள்."

கொடிக்கயிற்றை அறுத்து, அண்ணனின் கைகளை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டப் போனான். எச்சில் வழிந்த வாய் சடாரெனத் திரும்பி அவன் மணிக்கட்டைக் கவ்வியது. பல் எலும்பில் முட்டியது. விடவேயில்லை. சிவபாலன் மற்றக் கையால் கதவுக் கட்டையை எடுத்து, இடது காதுக்கு மேலே அடித்தான்.

வாய் விட்டது. "தம்பி" என்று கரகரத்த குரலில் சொல்லிவிட்டு அண்ணன் சரிந்தார். உடம்பு வில்லாக வளைந்து வளைந்து உதறியது.

வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கட்டிலில் கிடத்தி, டொக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. அப்போது சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி.

"ஆர் அடிச்சது?" என்று பொலிஸ்காரர் கேட்டார்.

"நான்."

மறுநாட் காலை பிரேத பரிசோதனை செய்தவர் டொக்டர் நவரத்தினம். சிவபாலன் ஏழு வருஷமாக வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்கும் அவர்தான் பெரியவர். வெளியே வந்து கைகளைத் துடைத்தார்.

"மண்டையோடு வெடிக்கேல்லை. உள்ளே இரத்தக் கசிவும் கொஞ்சந்தான். இந்தக் காயத்துக்கு ஆள் சாக நியாயமில்லை. கெண்டைக்காலிலை ஒரு தழும்பு கிடக்கு. அது என்ன?"

ஜெகதீஸ்வரி யோசித்துச் சொன்னாள். இரண்டு மாதத்துக்கு முன் தெமட்டகொடை ரயில் யார்டில், வேலை முடிந்து வரும்போது, ஒரு நாய்க்குட்டி பல்லைப் பதித்ததாம். மஞ்சள் அரைத்துப் பூசினாளாம்.

டொக்டர் சிவபாலனைப் பார்த்தார். அவன் சட்டைக் கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

அன்று பின்னேரம் கனத்தை மயானத்தில் அவன்தான் கொள்ளி வைத்தான். பிள்ளையில்லாதவருக்குத் தம்பிதானே. சொந்தக்காரர் ஒருவரும் அவன் பக்கத்தில் நிற்கவில்லை. சாவுக்குக் காரணம் தெரிந்த பிறகே விசாரணை முடிவு என்று மரண விசாரணை அதிகாரி சொல்லியிருந்தார். காரணம் ஆய்வுகூடத்தில் ஒரு போத்தலுக்குள் கிடந்தது: மூளையின் அடியிலிருந்து எடுத்த, விரல் நுனியளவு துண்டு.

துண்டை மதுசாரத்தில் நீர் போக்கி, சைலோலில் தெளியவைத்து, உருகிய பரபின் மெழுகில் ஊறவிட்டுக் கட்டியாக வார்த்தது ஜாபிர், அவனோடு வேலை செய்பவர். செவ்வாய்க்கிழமை காலை சிவபாலன் வந்து நின்றபோது ஜாபிர் எழுந்தார்.

"நீங்க ஊட்டுக்குப் போங்க. நான் வெட்டுறன்."

"நான்தான் வெட்டோணும்."

"கை நடுங்கினா எல்லாம் கிழிஞ்சி போகும், சிவபாலன்."

"நடுங்காது."

நடுங்கவில்லை. கட்டியைக் கருவியில் பூட்டிச் சக்கரத்தைச் சுழற்றினான். கத்தி ஒவ்வொரு தடவையும் வெங்காயத் தோலிலும் மெல்லிய சீவலை எடுத்தது. சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாடாவாக நீண்டன. அதைத் தூரிகையால் தூக்கி வெந்நீரில் மிதக்கவிட்டான். சுருக்கம் விரிந்தது. கண்ணாடித் தகட்டில் ஏந்தினான். ஐஸ் போட்ட தகரங்களில் ஊரூராக வரும் நாய்த் தலைகளை இப்படித்தான் நூற்றுக்கணக்கில் வெட்டியிருக்கிறான். எச்சில், மூர்க்கம், தண்ணீரைக் கண்டால் பயம், கட்டைக் குரல். அவனுக்கு எல்லாம் பாடம். சனிக்கிழமை எல்லாமே அவன் முன்னால் நின்றன.

மெழுகைக் கரைத்துச் சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் வைத்துக் குனிந்தான். நீல நரம்புக் கலங்கள் தெரிந்தன. தகட்டை நகர்த்தினான். ஒரு கலத்துக்குள் சிவப்பாக ஒரு வட்டம். அடுத்ததில் இரண்டு. பிறகு பார்க்கும் இடமெல்லாம்.

டொக்டர் வந்து நெடுநேரம் பார்த்தார்.

"விசர்நாய்க்கடி. சந்தேகமில்லை. நீர் அடிக்காட்டியும் ரெண்டொரு நாளிலை போயிருப்பார். நான் எழுதிக் குடுக்கிறன். உம்மிலை ஒரு குற்றமும் வராது."

"வெறியில்லை" என்றான் சிவபாலன்.

"என்ன?"

"ஒண்டுமில்லை, சேர்." சட்டைக் கையை மேலே இழுத்தான். பல் வரிசை ஊதா நிறமாகப் பதிந்திருந்தது. டொக்டர் அவன் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

வீட்டில் ஜெகதீஸ்வரி சுவரோரம் இருந்தாள்.

"மச்சாள், அண்ணை குடிக்கேல்லை."

"அது எனக்குத் தெரியும்."

முழங்கைக் காயத்தில் எச்சில் பட்டிருக்கும், இருவரும் ஊசி போடவேண்டும், வயிற்றில், பதினான்கு நாள் என்று சொன்னான். அவள் தலையாட்டினாள்.

அடுத்த நாள் தடுப்பூசி போடும் இடத்தில் சிங்களக் கிளாக்கர் படிவப் பாரத்தை விரித்துவைத்துத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"நாய் யார்ட நாய்?"

"நாயில்லை" என்றாள் ஜெகதீஸ்வரி.

"பூனைதா?"

அவள் இல்லையென்று கையசைத்தாள். பாரத்தில் கடித்த பிராணிக்கு ஒரு கட்டம் இருந்தது. கிளாக்கரின் பேனா அதன்மேல் நின்றது. பின்னால் வரிசை நீண்டது. அவர் தலை நிமிர்ந்து, "மனுஷனா? பேர் சொல்லு நோனா" என்றார்.

கலியாணமாகிய நாளிலிருந்து அவள் கணவரின் பெயரைச் சொன்னதில்லை. திரும்பிச் சிவபாலனைப் பார்த்தாள். சனிக்கிழமைக்குப் பிறகு இப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள்.

சிவபாலன் முன்னே வந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கிளாக்கர் பிழையில்லாமல் எழுதவேண்டுமென்று, அண்ணனின் பெயரை ஒவ்வோர் இங்கிலீஷ் எழுத்தாக நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"கே. ஏ. என்..."