அவித்த முட்டை இரண்டு

மல்லிகை மிதந்த நீரைக் கணவன் பிரசித்தின் வலது உள்ளங்கையில் ஊற்றப்போகும்போதுதான் விலாய் அதைப் பார்த்தாள். கட்டைவிரல் நகத்துக்குள் மஞ்சளாக ஒட்டியிருந்தது முட்டைக் கரு. நேற்றுக் காலை ஊர்ப் பூங்காவில், குளக்கரை பெஞ்சில் உட்கார்ந்தபடியே பிரசித்தின் மூச்சு நின்றுவிட்டது. அதற்கு முன்னால் யாருக்கோ முட்டை உரித்துக் கொடுத்திருக்கிறார்.

"என் பிழைகளை மன்னித்துவிடுங்கள்" என்று இறந்தவரிடம் சொல்லி ஊற்றுவதுதான் முறை. விலாய் நீரை மட்டும் ஊற்றினாள். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நானா என்று உள்ளுக்குள் எரிந்தது.

எட்டு மாதமாக இதே கூத்து. விடிந்ததும் சவரம் செய்துகொண்டு, இரண்டு முட்டையை அவித்துத் தாளில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். டாக்டர் முட்டையே தொடக் கூடாது என்று சொன்ன மனுஷன்! யாருக்கு என்று கேட்டால், "நடந்தா பசிக்குது" என்பார். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு பூரிப்பு வேறு.

விகாரையின் கூடத்தில் நீரூற்ற வந்தவர்களின் வரிசை மெல்ல நகர்ந்தது. நாற்பது வயதிருக்கும் ஒருத்தி, ரப்பர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து நீரூற்றினாள். ஊற்றிவிட்டு விசும்பி விசும்பி அழுதாள்.

"யாருடி இவ?" விலாய் மகளின் முழங்கையைக் கிள்ளினாள்.

"அப்பாகூட நடக்க வர்றவங்களா இருக்கும்மா," என்றாள் நிப்பா.

"நடக்க வர்றவ இப்படியா அழுவா?"

விலாய் எழுந்து போய் அவளருகில் உட்கார்ந்தாள். "நீ யாரும்மா?"

"புவா. பூங்காவுல பெருக்குறேன்க்கா."

"அவர் எப்படிப் பழக்கம்?"

"தினம் பார்ப்பேனே. உள்ள நுழைஞ்சதும் கொக்கு, ஆமை, அணில்னு ஒண்ணு விடாம நலம் விசாரிச்சுட்டுத்தான் உட்காருவார். ஆமை தண்ணிக்கு மேல தலைய நீட்டிட்டா போதும், அன்னிக்கு முழுக்க அதே பேச்சுதான்." அழுகையினூடே புவா சிரித்தாள்.

"முட்டை யாருக்கு?"

புவாவின் தலை தாழ்ந்தது. "பிம்முக்கு."

முப்பத்தோரு வருடமாக விலாயின் வீட்டில் யாரும் சொல்லாத பெயர் அது. அன்று அடுக்களைக்குள் உடும்பு நுழைந்தது. அபசகுனம் என்று ஊரே சொன்னது. மூன்றாம் நாள் எட்டு மாதக் குழந்தை பிம் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு குழந்தையின் பெயரையும் உடும்பின் பெயரையும் வீட்டில் எடுக்கக் கூடாதென்று விலாய் சொல்லிவிட்டாள். இப்போது எவளோ பெற்றதற்கு என் பிள்ளையின் பெயரா?

"உன் மகளா?" அவள் குரல் உயர்ந்ததில் பிக்கு ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"ஐயோ, அக்கா! இல்லவே இல்ல!" புவா சுற்றுமுற்றும் பார்த்தாள். "சவம் கிடக்கிற இடத்துல அந்தப் பிராணி பேரைச் சொல்லக் கூடாது…" வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். "உடும்புக்கா. குட்டி உடும்பு. நாய் கடிச்சு வாலில்லாம குளத்தோரம் கிடந்துச்சு. அவர்தான் முட்டை கொடுத்துத் தேத்தினார்."

"அந்தச் சனியனுக்கா என் பிள்ளை பேரு?"

"அதான் உங்ககிட்ட சொல்லப் பயந்தார். தினம் என்னைய எதிர்ல நிக்க வெச்சு சொல்லிப் பார்ப்பார். கையில விளக்குமாத்தோட நான்தான் நீங்க. முறைக்க வேற சொல்லுவார். 'விலாய், கோவிச்சுக்காத'ன்னு ஆரம்பிப்பார். அதுக்கு மேல வராது."

"நேத்து?" என்றாள் விலாய்.

"நேத்தும் அவ்வளவுதான் வந்துச்சுக்கா."

வரிசையில் கடைசி ஆள் நகர்ந்ததும் விலாய் மறுபடி கிண்ணத்தை எடுத்தாள்.

"அம்மா, நீ ஊத்திட்டியே," என்றாள் நிப்பா.

"தெரியும், சும்மா இரு."

அவள் குனிந்து, அவர் காதருகே முறைப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னாள். பிறகு கட்டைவிரல் நகத்து மஞ்சள் நனையாதபடி, மற்ற நான்கு விரல்களின் மேல் மட்டும் நீரை ஊற்றினாள்.