கொன்ஸ்ரன்ரைன் பெரேராவின் சொத்து

கொன்ஸ்ரன்ரைன் பெரேரா என்றொரு மனிதர் இந்த உலகத்தில் இல்லை. வெள்ளவத்தையில் போனும் இன்ரர்நெற்றும் உள்ள கொமினிகேஷன் கடை வைத்திருந்த சவுந்தரநாயகம்தான் அவரைப் பெற்றெடுத்தவர்.

சமாதானம் ஆட்டம் காணத் தொடங்கிய நேரம் அது. இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கொழும்பில் கிடந்த தாய் தகப்பன்மாருக்காகச் சவுந்தரநாயகம் ‘சுகசேதி’ என்று ஒரு வெப்சைற் தொடங்கினார். இங்கிருப்பவர்கள் நாலு வரி எழுதுவார்கள். கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்துப் பெடியன்கள் அதைப் பிரதியெடுத்துப் பலகையில் ஒட்டி, பதிலையும் தட்டி அனுப்புவார்கள்.

வெப்சைற்றின் பெயரைப் பதியும்போதுதான் சிக்கல். சொந்தக்காரரின் பெயர், விலாசம் எல்லாம் கேட்டார்கள். கொடுத்தால் உலகத்தில் யாரும் தட்டிப் பார்க்கலாமாம். ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற வெள்ளை வான் ஓடித் திரிகிற ஊரில் எந்த மடையன் தன் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் அப்படித் தொங்கவிடுவான்? அவர் ஹெந்தளையில் தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டைக் கற்பனை பண்ணி, அதில் கொன்ஸ்ரன்ரைன் பெரேராவைக் குடிவைத்தார். அவருக்கென்று ஓர் இலவச ஈமெயிலும் திறந்தார். கேட்டவர்களுக்கெல்லாம், “அது ஹெந்தளை வேதக் கோயிலடியில இருக்கிற சிங்கள மாத்தயா ஒராளின்ர. நான் சும்மா ரைப் பண்ணிக் குடுக்கிறன்” என்று சொல்லிக்கொண்டார். மனைவி நேசமலர் மட்டும், “உங்கட கொன்ஸ்ரன்ரைன் இண்டைக்குச் சாப்பிட்டவரோ?” என்று நக்கலடிப்பாள்.

பிறகு வன்னிக்குப் போகிற பாதையை மூடிவிட்டார்கள். போன் இல்லை, கடிதம் இல்லை. தொண்டு நிறுவனத்தின் சற்றலைற் இணைப்பில் சுகசேதி மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் இருந்த இரத்தினம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் வருவாள். ஒரே மகள் கிளிநொச்சியில். கடைசியாக வந்த பதில் இதுதான்: ‘அம்மா, நான் சுகம். பொம்பிளைப் பிள்ளை பிறந்திருக்கு. பேர் வைச்சிட்டுச் சொல்லுறன்.’ அந்தப் பெயருக்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் ரொறன்ரோவிலிருந்து மைத்துனன் சிவானந்தன் போன் எடுத்தான். பதிவுக் காசைத் தன் கார்ட்டில் கட்டியவன் அவன்தான்.

“அத்தான், சுகசேதியை விக்கப் போறியளோ?”

“விக்கிறதோ? ஆர் சொன்னது?”

“வெப்சைற் பேர் விக்கிற சந்தையில போட்டுக் கிடக்கு. வாங்க விருப்பமான ஆக்கள் கேக்கலாமாம்.”

சவுந்தரநாயகம் போனை வைத்துவிட்டுக் கம்பியூட்டருக்கு முன்னால் இருந்தார். நாட்கணக்காகத் துருவிப் பார்த்தபின்தான் விளங்கியது. கொன்ஸ்ரன்ரைனின் ஈமெயிலை அவர் மாதக்கணக்காகத் திறக்கவேயில்லை. திறக்காத பெட்டியைக் கம்பனி மூடிவிட்டது. அதே பெயரில் எவனோ அதைத் திரும்பத் திறந்து, பதிவுக் கம்பனிக்குக் கடவுச்சொல் மறந்துபோச்சு என்று எழுதி, பதிவையே கைக்குள் போட்டுக்கொண்டு சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டான்.

விற்கிற சந்தைக்கு எழுதினார். மரியாதையாகப் பதில் வந்தது. சொந்தக்காரரிடம் விசாரித்தார்களாம். பதிவிலுள்ள ஈமெயிலுக்கு எழுதினார்களாம். திரு. பெரேரா தாமே சொந்தக்காரர் என்று உறுதிப்படுத்திவிட்டாராம். காசு கட்டியவர் வேறு, சொந்தக்காரர் வேறாம். ஆட்சேபம் இருந்தால் பதிவிலுள்ள பெயருக்கான அடையாள அட்டையும் பொலிஸ் முறைப்பாடும் அனுப்ப வேண்டுமாம்.

வெட்கத்தை விட்டு அந்த ஈமெயிலுக்கே எழுதினார்: ‘இது பிள்ளைகளைத் தேடுகிற தாய்மாரின் இடம். தயவுசெய்து திருப்பித் தாருங்கள். நீங்கள் யார்?’

பதில் அன்றைக்கே வந்தது. ‘நான் கொன்ஸ்ரன்ரைன் பெரேரா. நீங்கள் யார்?’

“தகப்பனிட்டையே கேக்கிறானப்பா,” என்றாள் நேசமலர். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

“பொலிசில ஒரு முறைப்பாடு போட்டுப் பாப்பமோ?” என்றார் அவர்.

“போய் என்னெண்டு சொல்லுவியள்? வன்னிச் சனத்தின்ர வெப்சைற் என்ர எண்டோ? பொய்ப் பேர் குடுத்தனான் எண்டோ? பிறகு உங்களைத் தேடி நான் எங்க எழுதுறது?”

என்றாலும் போனார். வாசலில் காவலுக்கு நின்றவன் அடையாள அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, “மொகத மாத்தயா?” என்ன விஷயம் என்று கேட்டான். “மொகுத் நே,” ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அட்டையை வாங்கிக்கொண்டு திரும்பினார். தன்மீதே அருவருப்பாக இருந்தது.

அடுத்த கிழமை சுகசேதியைத் தட்டினால், ‘இந்தப் பெயர் விற்பனைக்கு’ என்ற வரி மட்டும் வந்தது. வேறு பெயரில் புதிதாகத் தொடங்க அவருக்கு ஒரு பொழுது போதும். தொடங்கியும் விட்டார். ஆனால் கிளிநொச்சிக்காரருக்கு அந்தப் புதுப் பெயரை யார் போய்ச் சொல்வது? அவர்களுக்குத் தெரிந்தது சுகசேதி ஒன்றுதான்; அவர்களின் வேறு ஈமெயில் எதுவும் இவரிடம் இல்லை.

வெள்ளிக்கிழமை இரத்தினம்மா வந்தாள். திரையைக் கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன தம்பி இது?”

“விக்கப் போறாராம், அக்கா.”

“ஆர், அந்த ஹெந்தளை மாத்தயாவோ?”

அவர் வாயைத் திறந்தார். பக்கத்தில் இரண்டு பேர் போனுக்குக் காத்திருந்தார்கள். “ஓம்,” என்றார்.

மற்ற வெள்ளி அவள் வரவில்லை. அடுத்த நாள் மத்தியானம் வந்தாள். சீலைக் கரையெல்லாம் புழுதி.

“ஹெந்தளைக்குப் போட்டு வாறன், தம்பி. வேதக் கோயிலடியெல்லாம் கேட்டன். அப்பிடி ஒருத்தரும் இல்லையாம்.” அவள் குரலில் அதிசயம் இல்லை. ஆட்களைத் தேடிப் போய் இல்லை என்று கேட்டுத் திரும்புவது அவளுக்குப் பழகிப்போன விஷயம். “அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கும்தானே. நேர கண்டு சொன்னா இரங்குவார். பேத்தின்ர பேரை மட்டும் அறிஞ்சு போட்டு வித்தாலும் பரவாயில்லை எண்டு சொல்லுவன்.”

சவுந்தரநாயகத்துக்கு எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, அக்கா, அந்தாள் நான்தான், என்னை ஏசுங்கோ என்று அழவேண்டும் போலிருந்தது. தெருவில் ஆமிக்காரர் இரண்டு பேர் கடைப் பெயர்ப்பலகைகளைப் பார்த்தபடி நடந்து போனார்கள்.

இரத்தினம்மா கைப்பைக்குள்ளிருந்து ஒரு துண்டுக் கடதாசியை எடுத்து மேசையில் வைத்தாள்.

“நான் கேக்கிற சிங்களம் சனத்துக்கு விளங்கேல்லைப் போல. நாளைக்குத் திரும்பிப் போறன். அவரின்ர பேரையும் விலாசத்தையும் சிங்களத்தில வடிவா எழுதித் தாங்கோ, தம்பி.”

அவர் பேனையை எடுத்தார். கொன்ஸ்ரன்ரைன் பெரேரா, ஹெந்தளை என்று வடிவாக எழுதிக் கொடுத்தார்.