சோதனைக்கு அனுப்பிய செய்தி

கீர்த்தனாவுக்கு டீம் லீட் என்று பதவி உயர்வு வந்த வாரத்திலேயே அவளுடைய டீமில் இருந்த மூன்று பேரையும் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். செங்கல்பட்டில் சின்னதாக ஒரு மென்பொருள் நிறுவனம் நடத்திவந்த ஜெயக்குமார் அதைப் போனில்தான் சொன்னார். இனி அவர்கள் வேலையை ஏஐ பார்த்துக்கொள்ளும், அதை வேலை வாங்குவதுதான் உன் வேலை என்றார். அலுவலகத்துக்கு வர வேண்டாம், புதுப்பட்டினத்து வீட்டிலிருந்தே செய்தால் போதும் என்றும் சொன்னார்.

கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால் பதில் சொல்கிற உதவியாளர் அது. கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்புகளைத் தானே திறக்கும், புரோகிராம் கோடு எழுதும், எழுதியதை ஓட்டியும் பார்க்கும். கீர்த்தனா அதை நான்கு ஆளாகப் பிரித்தாள். ஒருவர் திட்டம் போட, ஒருவர் கோடு எழுத, ஒருவர் சோதிக்க, ஒருவர் கடைசியில் சரிபார்க்க. நீ யார், என்ன செய்யலாம், என்ன கூடாது என்று ஒவ்வொருவருக்கும் எழுதிவைத்தாள். நால்வரும் தங்களுக்குள் பேசிக்கொண்டு வேலை பார்ப்பது முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு பயம் வந்தது. அவள் ஒரு பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் அவர்கள் அடுத்த வேலைக்குப் போயிருந்தார்கள்.

மாமல்லபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கான வேலை. பஸ் கிளம்பியதும் பெற்றோரின் போனுக்குச் செய்தி போகும். அவசரத்துக்கென்று தனியாக ஒரு செய்தியும் வேண்டும் என்று பள்ளியில் புதிதாகக் கேட்டிருந்தார்கள். ஐந்து இன்ஜினியர்கள் இதில் இருப்பதாக ஜெயக்குமார் அங்கே சொல்லிவைத்திருந்தார். யாராவது போன் செய்து மற்ற நாலு பேரைக் கேட்டால் என்ன சொல்வது என்று கீர்த்தனாவுக்குத் தினமும் பதைப்பாக இருந்தது.

எதைச் செய்வதற்கு முன்னும் உதவியாளர் அவளிடம் அனுமதி கேட்கும். முதலில் படித்துப் பார்த்துச் சரி என்றாள். பிறகு படிக்காமலே சரி என்றாள். ஒரு கட்டத்தில் கை அலுத்துப்போய், இனிக் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சோதிப்பவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு முடிந்தது என்று சொல்வதாக அவளுக்கு ஒரு சந்தேகம். அதனால், நிஜத்தில் எப்படி நடக்குமோ அப்படியே சோதித்துப் பார் என்று ஒரு வரி சேர்த்தாள். சேர்த்துவிட்டு டீ போடப் போனாள்.

திரும்பி வந்தபோது எல்லாச் சோதனையும் வெற்றி என்று திரையில் இருந்தது. குறை ஏதுமில்லை என்று சரிபார்ப்பவரும் எழுதியிருந்தார். அதற்கு மேலே இருந்ததை அதன் பிறகுதான் படித்தாள். சோதிப்பவர் அனுப்பிய அவசரச் செய்தி எல்லாப் பெற்றோருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. மாதிரி எண்களுக்கு அல்ல. அவள் அதே ஃபோல்டரில் விட்டுவைத்திருந்த உண்மையான எண்களுக்கு.

"உங்கள் பிள்ளை வரும் பஸ் விபத்துக்குள்ளானது. உடனே பள்ளியைத் தொடர்புகொள்ளவும்."

பிள்ளைகள் வீடு திரும்புகிற நேரம் அது.

ஓடிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஜெயக்குமாரைக் கூப்பிட்டாள். பதறாதே, சர்வர் கோளாறு என்று இன்னொரு செய்தி அனுப்பிவிடு என்றார். சோதனைக்காக எழுதியது தவறிப்போய் வந்துவிட்டது, மன்னிக்கவும் என்று கீர்த்தனா தன் கையாலேயே தட்டி அனுப்பினாள். பள்ளியின் எண் கிடைக்கவே இல்லை. புதுப்பட்டினம் பஸ்ஸை ஓட்டும் சடையப்பனும் போனை எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினாள்.

அங்கே பெண்கள் கூடிவிட்டிருந்தார்கள். இரண்டு செய்திகளையும் மாற்றி மாற்றிக் காட்டி, எதை நம்புவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லம்மாள் என்பவள் மட்டும் பேசாமல் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாள். கீர்த்தனா அவளிடம் போனாள்.

"அக்கா, அந்த மெசேஜ் என்னாலதான் வந்துச்சு. தப்பா வந்துருச்சு. பஸ்ஸுக்கு ஒண்ணும் ஆவல."

எல்லம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "நீ பாத்தியா?"

கீர்த்தனா பார்க்கவில்லை. அதுவரை பொய்ச் செய்தி என்று உறுதியாக இருந்தவளுக்கு, சடையப்பன் ஏன் போனை எடுக்கவில்லை என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. மற்றவர்களோடு அவளும் சாலையைப் பார்த்தபடி நின்றாள். மீன் வண்டி போனது. கல்பாக்கத்து ஸ்டாஃப் பஸ் போனது. அதற்குப் பின்னால் மஞ்சள் பஸ் வந்தது.

பிள்ளைகள் எப்போதும்போல ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள். வண்டி ஓட்டும்போது போனைத் தொடக் கூடாதென்று உத்தரவு, அதுதான் எடுக்கவில்லை என்றார் சடையப்பன். எல்லம்மாள் தன் மகள் கவியாவின் கை கால்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார்கள். செய்தியைப் பார்த்ததும் அவள் புருஷன் அருணகிரி, ஐஸ் கடையை அப்படியே போட்டுவிட்டு மாமல்லபுரத்தைப் பார்த்து பைக்கில் பறந்திருக்கிறான். சதுரங்கப்பட்டினம் தாண்டி மணலில் வண்டி வழுக்கிவிட்டது. கை உடைந்து ஆஸ்பத்திரியில் இருந்தான்.

அவன் வீட்டுக்குப் போகாதே, பள்ளியில் சர்வர் கோளாறு என்று சொல்லியாகிவிட்டது என்று ஜெயக்குமார் தடுத்தார். கீர்த்தனா மறுநாள் போனாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அருணகிரி உட்கார்ந்திருந்தான்.

"அஞ்சு பேரு பாக்குற வேலைன்னு இஸ்கூல்ல சொன்னாங்கோ," என்றான். "அஞ்சு பேர்ல ஒருத்தர்கூடவா பாக்கல?"

"அஞ்சு பேரு இல்லண்ணா. நான் ஒருத்திதான். மீதி மெஷினு. என்னைக் கேக்காம செய்யின்னு அதுகிட்ட சொன்னதும் நான்தான்."

அவன் திட்டுவான் என்று நினைத்தாள். அவன் நல்ல கையால் கவியாவைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

"வண்டில போவ சொல்ல இன்னா இன்னா நெனச்சேன் தெரியுமா," என்றான்.

அங்கிருந்து நேரே பள்ளிக்குப் போய் அதையே சொன்னாள். செய்தி அனுப்புவதை அன்றோடு நிறுத்திவிட்டார்கள். ஜெயக்குமார் கத்தினார். சோதித்துப் பார்க்க ஒரு மனுஷி வேண்டும், இல்லையென்றால் தானும் இல்லை என்று கீர்த்தனா சொன்னாள். முன்பு அந்த வேலையைப் பார்த்துவந்த விஷாகாவை அவர் முணுமுணுத்துக்கொண்டே திரும்பக் கூப்பிட்டார். அவள் சோதித்துப் பார்த்த பிறகே பள்ளி மறுபடி செய்தி அனுப்பத் தொடங்கியது.

பிறகொரு நாள் எல்லம்மாளை மார்க்கெட்டில் பார்த்தாள். அருணகிரிக்கு எலும்பு கூடிவிட்டது, ஐஸ் பாரைத் தூக்கினால்தான் வலிக்கிறது என்றாள் எல்லம்மாள். பள்ளியிலிருந்து என்ன செய்தி வந்தாலும் அவன் இப்போது திறப்பதில்லையாம், இவளைத்தான் படிக்கச் சொல்கிறானாம். சொல்லிவிட்டு மீன் வாங்கப் போய்விட்டாள்.